ஒரே மணிதான் அடிக்கிறது; எது அவசரம் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

கரிசல்காடு
சனி, இரவு 10:48

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அம்மா போன் செய்தாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். போன் சைலன்ட்டில் கிடந்தது. திரையில் பெயரைப் பார்த்தேன். தினமும் அந்த நேரத்துக்கு வருகிற ‘சாப்டியாப்பா’ போன்தான் என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு வேலை இழுத்துக்கொண்டே போய், இரவு பதினொன்றரைக்குத்தான் திரும்பக் கூப்பிட்டேன்.

சித்தப்பா மதியம் இரண்டரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடித்தபசுத் திருவிழா காட்டிய மனிதர். இரவு பஸ் எல்லாம் போயிருந்தது. விடியற்காலை வண்டி பிடித்து ஊரில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை.

“ஏம்மா ஒரு தடவையோட விட்டே?” என்று கேட்டேன். “நீ வேலையா இருப்பே, பார்த்துட்டு நீயே கூப்பிடுவேன்னு இருந்தேன்” என்றாள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மூன்றே காலுக்கே செய்தி போட்டிருக்கிறார்கள். அதற்கு மேலே நூறு காலை வணக்கப் படங்கள் திறக்காமல் கிடந்தன.

2005இல் கோவைக்குப் படிக்கப் போனபோது எனக்கும் வீட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஒரு ரிங் விட்டு வைத்தால் ‘வந்து சேர்ந்துட்டேன்’. இரண்டு ரிங் என்றால் ‘நீங்க கூப்பிடுங்க’. அதற்கும் முன்னால், பக்கத்து வீட்டு லேண்ட்லைனில் இரவு ஒன்பது மணிக்கு மேல் மணி அடித்தாலே அப்பா எழுந்து சட்டையைத் தேடுவார். பேசுவதற்கு முன்பே மணி பாதி சேதியைச் சொல்லிவிடும். இன்றைக்கு அம்மாவுக்கும், கடன் வேண்டுமா என்று கேட்கிறவருக்கும், கூரியர் தம்பிக்கும், சாவுச் செய்திக்கும் ஒரே மணிதான்.

உங்கள் வீட்டில் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? முன்பு எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும்.

பழைய ட்ரங்க்
சனி, இரவு 11:35

தம்பி, முகம் பார்க்க முடியாமல் போன துக்கம் லேசில் ஆறாது. நான் 1978இல் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில், அதாவது வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற இடத்தில், ஆபரேட்டராகச் சேர்ந்தவள். நீங்கள் கேட்கிற விஷயத்தோடுதான் என் பாதி ஆயுள் போயிற்று.

எங்கள் காலத்தில் அவசரத்தைத் தரம் பிரிப்பதே கட்டணம்தான். 180க்குப் போட்டு ட்ரங்க் கால் புக் செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. ஆர்டினரி புக் செய்துவிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்திருப்பார்கள். அர்ஜென்டுக்கு இரண்டு மடங்கு. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. ஒருவர் “அர்ஜென்டாப் போடும்மா” என்று சொல்லும் குரலிலேயே எனக்கு வீட்டில் என்ன என்று தெரிந்துவிடும். டிக்கெட்டில் நம்பர் எழுதும்போது கை கொஞ்சம் வேகமாக ஓடும்.

இன்னொன்று பி.பி. கால். நம்பருக்கு இல்லை, குறிப்பிட்ட ஆளுக்கு என்று புக் செய்வது. அந்த ஆள் கிடைக்காவிட்டால் முழுக் கட்டணம் விழாது. போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் போட்டு, பக்கத்தில் ‘பி.பி.’ என்று எழுதுவார்களே, அது இப்படி வந்ததுதான். தெருவில் ஒரு வீட்டுக்குப் போன் வந்தால் பத்து வீட்டுக்கு வந்த மாதிரி.

உங்கள் அப்பா சட்டையைத் தேடியதில் அர்த்தம் இருக்கிறது. சின்ன ஊர் மேனுவல் எக்ஸ்சேஞ்சில் மணி அடிப்பது மிஷின் இல்லை, நாங்கள். சாவியை அழுத்திப் பிடிக்கிற வரைக்கும் அங்கே மணி அடிக்கும். வெளியூர் கால் என்றால் லைன் போய்விடுமோ என்ற பயத்தில் விடாமல் அழுத்துவோம். அதனால்தான் ‘நீள மணி அடிச்சா ட்ரங்க் கால்’ என்று ஊரில் சொல்வார்கள். மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் போய், “மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்ணட்டுமா?” என்று கேட்க வேண்டும். அழுதுகொண்டிருப்பவரிடம் அதைக் கேட்பது இருக்கிறதே, ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது மறக்கவில்லை.

சுவரெழுத்து
ஞாயிறு, காலை 7:52

அண்ணா, வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு 23 வயது. என் வயதுக்காரர்களில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற போனை எடுப்பதில்லை. முதலில் ‘ஃப்ரீயா?’ என்று ஒரு மெசேஜ், அப்புறம்தான் கால். அது திமிர் இல்லை. ஒருநாளில் எனக்கு வருகிற பத்து அழைப்பில் ஏழு, லோன், கிரெடிட் கார்டு, ப்ளாட் விற்பனை. மணி அடித்தாலே மனசு சுருங்கிவிடுகிறது. அம்மாகிட்டயும் சொல்லிவிட்டேன், அவசரம்னா வாய்ஸ் நோட் போடுங்க, உடனே கேட்டுடுவேன் என்று.

இன்கமிங்கே ஃப்ரீ ஆனது ஜியோ வந்த பிறகுதானே? அதிலிருந்துதான் இந்தத் தொல்லை என்று நினைக்கிறேன்.

மஞ்சள் போர்டு
ஞாயிறு, காலை 8:40

மேலே அந்த அம்மா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. 1991இல் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேரடியாகப் போட்டுப் பேசுகிற எஸ்.டி.டி. பூத் போட்டேன். போலியோவில் ஒரு கால் போனவன் நான். ஊனமுற்றோருக்கு முன்னுரிமை கொடுத்ததில் கிடைத்தது. அந்த வருமானத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது.

கண்ணாடிக் கூண்டு, சின்ன ஃபேன், மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். பேசுகிறவர்கள் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார்கள். ராத்திரி ஆக ஆகக் கட்டணம் குறையும்: பாதி, அப்புறம் கால். கால் கட்டணம் ஆரம்பிக்கும் நேரத்துக்கு வாசலில் பதினைந்து இருபது பேர் நிற்பார்கள். பட்டாளத்துக்குப் புருஷனை அனுப்பிய பெண்கள், திருப்பூர் மில்லில் பிள்ளையை விட்ட அப்பாக்கள். பகலில் முழுக் கட்டணத்துக்கு எஸ்.டி.டி. போட ஒருவர் ஓடிவந்தால், வரிசையில் நிற்கிறவர்கள் கேட்காமலே வழிவிடுவார்கள். பகலில் வந்தால் விஷயம் பெரிது என்று எல்லோருக்கும் தெரியும். கரிசல்காடு தம்பி கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். நேரமே சேதி.

பேசி முடித்து வெளியே வரும்போது சிலர் பில்லை வாங்கிக்கொண்டு அப்படியே நிற்பார்கள். ஸ்டூலை நகர்த்திப் போட்டு, தண்ணீர் கொடுப்பேன். 2008இல் பூத்தை மூடினேன். கடைசி மாதம் வந்தவர்களில் பாதிப் பேர் செல்போன் பேட்டரி தீர்ந்துபோய் வந்தவர்கள்.

பேட்டரி ஃபுல்
ஞாயிறு, காலை 9:15

சுவரெழுத்து, ஒரு திருத்தம். இன்கமிங் இலவசமானது ஜியோவுக்கு 13 வருஷம் முன்பே, 2003 மே 1 அன்று. கூப்பிடுகிறவரே காசு கொடுக்க வேண்டும் என்ற முறை அன்றைக்குத்தான் செல்போனுக்கு வந்தது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினாரே, நாட்டின் முதல் செல்போன் அழைப்பு, அந்தக் காலத்தில் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. வருகிற அழைப்புக்கும் காசு. அதனால் செல்போன் வைத்திருந்தவர்கள் நம்பரைப் பார்த்து கட் செய்துவிட்டு, பக்கத்து லேண்ட்லைனிலிருந்து திரும்பக் கூப்பிடுவார்கள்.

மிஸ்டு கால் மொழி செழித்தது 2003க்குப் பிறகு. வாங்குகிறவருக்குச் செலவில்லை, கூப்பிடுகிறவர் எடுப்பதற்குள் வைத்துவிட்டால் அவருக்கும் செலவில்லை. அந்தச் சந்தில் முளைத்த பயிர் அது. 2006இல் பி.எஸ்.என்.எல். இந்தியா முழுக்க நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்றது. 2009இல் செகண்டுக்கு ஒரு பைசா வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ பேச்சுக்கே காசில்லை என்றது. சந்து அடைபட்டுவிட்டது. பேசுவதற்கே செலவில்லாதபோது யார் ஒரு ரிங்கோடு வைப்பார்கள்?

ஆனால் கட்டணம் போனபோது, அந்த அம்மா சொன்ன தரம் பிரிக்கிற வேலையும் சேர்ந்து போய்விட்டது. அதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

வடமராச்சி
ஞாயிறு, காலை 10:02

நான் டொரொண்டோவில இருக்கிறன். இங்க சனி இரவு, நித்திரை வரேல்ல, உங்கட இழையை வாசிச்சுக்கொண்டு இருந்தனான்.

தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில எங்களுக்கு ரெலிபோனே இல்லை. சண்டையோட எல்லாம் துண்டிச்சுப் போச்சு. கனடாவில இருந்து அண்ணா கதைக்கிறதெண்டால், முதல் ஆரிட்டையும் கடிதம் குடுத்தனுப்பி, இன்ன திகதி கொழும்புக்கு வாங்கோ எண்டு சொல்லவேணும். அம்மா பாஸ் எடுத்து, பாதை மாறி மாறிக் கொழும்புக்குப் போய், லொட்ஜில தங்கி, ‘கொமினிகேசன்’ கடையில கதிரையில இருந்து காத்துக்கொண்டிருப்பா. சில நேரம் நாலு நாள். பிறகு அஞ்சு நிமிசம் கதைப்பினம். அதில ரெண்டு நிமிசம் அழுகை.

நான் இங்க வந்த பிறகு ரெலிபோன் காட். தமிழ்க் கடையில வாங்கி, சுரண்டி, அந்த நீட்டு நம்பரை அடிக்கவேணும். அம்மா எடுத்த உடனே சொல்லுற முதல் வசனம், “காசு போகுது, வை மோனை.” இப்ப ஞாயிற்றுக்கிழமையில வட்ஸ்அப்பில கோல் எடுத்து, போனைக் குசினி மேசையில சாத்தி வைச்சிட்டு நான் கறி வெட்டுறன், அம்மா அங்க புட்டு அவிக்கிறா. அரை மணித்தியாலம் ஒண்டுமே கதைக்கிறேல்ல. ஒருத்தரும் வைக்கிறதும் இல்லை. என்ர வாழ்க்கையில ரெலிபோன் தந்த பெரிய சொத்து அந்தக் கதையில்லாத அரை மணித்தியாலம்தான். தம்பி, எல்லாம் கெட்டுப்போச்செண்டு நினைக்காதேங்கோ.

பேட்டரி ஃபுல்
ஞாயிறு, காலை 10:20

அக்கா, ‘கோல் எடுத்து’ என்றால் நீங்கள் கூப்பிட்டீர்கள் என்று அர்த்தமா? எங்கள் பக்கம் ‘போன் எடுத்தேன்’ என்றால் வந்த அழைப்பை ஏற்றேன் என்று பொருள். அதனால்தான் கேட்கிறேன்.

வடமராச்சி
ஞாயிறு, காலை 10:31

ஓம், நான் கூப்பிடுறதைத்தான் கோல் எடுக்கிறது எண்டுறது. முதல் முதல் சென்னையில ஒரு சிநேகிதியிட்ட “இரவைக்குக் கோல் எடுக்கிறன்” எண்டு சொல்லிப்போட்டன். அவ தான்தான் எனக்கு அடிக்கவேணுமாக்கும் எண்டு நினைச்சு, பன்னிரண்டு மணி வரையும் முழிச்சிருந்து அடிச்சுப் பாத்தவ.

கீழக்கரைக் காற்று
ஞாயிறு, பகல் 1:10

நான் துபாயில் டிரைவர். இங்கே வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது, மெசேஜும் வாய்ஸ் நோட்டும் மட்டும் போகும். அதனால் எங்கள் ரூமில் எல்லோரும் வாய்ஸ் நோட்காரர்கள்தான். வாப்பா 1980களில் இங்கே இருந்தபோது உம்மா டேப் ரெக்கார்டரில் பேசி, ஊரிலிருந்து வருகிற ஆளிடம் கேசட் கொடுத்துவிடுவார்களாம். அறுபது நிமிஷக் கேசட். ஒரு பக்கம் உம்மா, மறுபக்கம் பிள்ளைகள் ஓதுவதும் சண்டை போடுவதும். வாப்பா அதைத் தேயத் தேயக் கேட்பாராம். இப்போது என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூன்று நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் நோட் போடுகிறாள். டிரிப் முடித்து வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பேன். கேசட் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் சுவரெழுத்து தம்பிக்கு ஒரு வார்த்தை: அவசரத்துக்கு வாய்ஸ் நோட் ஆகாது. பதறிக்கொண்டிருக்கிறவருக்கு வாட்ஸ்அப்பைத் திறந்து, ஆளைத் தேடி, மைக்கை அழுத்திப் பிடித்துப் பேச வராது. கை நடுங்கும். உம்மாவுக்கு மயக்கம் வந்த அன்று என் மனைவி அனுப்பிய வாய்ஸ் நோட்டில் அழுகை மட்டும்தான் இருந்தது, விஷயம் இல்லை. பேச்சில் எதிராளி ஒருவர் “நிதானமாச் சொல்லு” என்று சொல்வதற்கு இருக்க வேண்டும்.

சுவரெழுத்து
ஞாயிறு, பகல் 2:04

இதை நான் யோசிக்கவில்லை அண்ணா. ஒத்துக்கொள்கிறேன்.

ஒலியில்லா வீடு
ஞாயிறு, மாலை 4:26

எல்லோரும் மணியைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் தங்கைக்கு மணியே கிடையாது. பிறவியிலேயே காது கேட்காது. 2000களில் அவளுக்குப் போன் என்றால் எஸ்.எம்.எஸ். மட்டும்தான். அவள் முதல் மொழி சைகை. தமிழில் எழுதுவது அவளுக்கு வேற்றுமொழி போல. பண்டிகை நாளில் எஸ்.எம்.எஸ்.ஸுக்குத் தனிக் கட்டணம் வேறு.

2016 கடைசியில் டேட்டா மலிவானது, அதே நேரத்தில் வாட்ஸ்அப்பில் வீடியோ காலும் வந்தது. அந்தப் பொங்கலுக்கு அவள் மதுரையிலிருந்த தோழியோடு இரண்டு மணி நேரம் பேசினாள். பேச இரண்டு கையும் வேண்டும், போனைப் பிடிக்கக் கை இல்லை. செம்பைக் கவிழ்த்து வைத்து அதில் சாத்திவைத்தாள். அது சரிந்து விழ, மறுபடி சாத்த. சமையல்கட்டு வாசலில் நின்று அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தன் மகள் போனில் சிரித்துப் பேசி அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்கள்.

அழைப்பு வந்தால் ஃபிளாஷ் லைட் மின்னுகிற மாதிரி அவள் போனில் வைத்திருக்கிறோம். ராத்திரி தலையணைக்கடியில் அதிர்வில். என் அழைப்புக்கு மட்டும் அதிர்வை வேறு மாதிரி வைத்திருக்கிறாள்: இரண்டு குட்டை, ஒரு நீளம். கரிசல்காடு, உங்களுக்கு உதவுமா என்று பாருங்கள்.

மல்லிகைப் பந்தல்
ஞாயிறு, இரவு 8:47

இந்த இழையை மதியத்திலிருந்து இரண்டு தடவை படித்துவிட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அப்பா பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டார். கீழே விழுந்ததில் அவருடைய போன் உடைந்துவிட்டது. பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த ஒரு அம்மா, அப்பாவிடம் என் நம்பரைக் கேட்டு, தன் போனிலிருந்து எனக்குக் கூப்பிட்டிருக்கிறார். புது நம்பர். ட்ரூகாலரில் பெயர் வரவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் அலுவலகத்தில் ரிட்டயர் ஆன ஒருவரைப் போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து மிரட்டி, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொல்லி நாள் முழுக்கக் கேமரா முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தில் நான் கட் செய்தேன். மறுபடி வந்தது. மறுபடி கட் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தேன். “ஏம்மா, ஒங்கப்பா இங்க கெடக்காரு, எடுக்க மாட்டியா?” என்றார் அந்த அம்மா.

அப்பா பிழைத்தார். இடுப்பு எலும்பு ஆபரேஷன், இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். ஆனால் அந்த இரண்டு கட் என் மனசை இன்னும் அறுக்கிறது. ஏமாற்றுகிறவனுக்குப் பயந்து நல்லவர்களின் போனையும் எடுக்காமல் இருக்கப் பழகிவிட்டோம்.

இதைப் படிக்கிற பெரியவர்கள் யாராவது இருந்தால்: நம் நாட்டுச் சட்டத்தில் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும் வீடியோ காலில் கைது செய்ய மாட்டார். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

பேட்டரி ஃபுல்
ஞாயிறு, இரவு 9:30

அக்கா, உங்களைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை எடுத்தீர்கள் அல்லவா, அதில்தான் கரிசல்காடு கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

விற்பனை அழைப்பு ஒரே நம்பரிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் மறுபடி வருவது அபூர்வம். ஆபத்தில் இருக்கிறவர்தான் விடாமல் அடிப்பார். இதைப் போன் தயாரிக்கிற கம்பெனிகளும் புரிந்துவைத்திருக்கின்றன. ‘தொந்தரவு செய்யாதே’ வைத்திருந்தாலும், ஐபோனில் ஒரே ஆள் மூன்று நிமிஷத்துக்குள் இரண்டாவது தடவை கூப்பிட்டால் மணி அடிக்கும்படி ஒரு வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் அதே வசதி பதினைந்து நிமிஷக் கணக்கு. அது ஆனில் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்.

ஆனால் ஒரு முக்கியமான விஷயம். இது ‘தொந்தரவு செய்யாதே’ என்பதற்குத்தான். போனை அடியோடு சைலன்ட்டில் போட்டுவிட்டால் இரண்டாவது அழைப்பும் சத்தம் போடாது. கரிசல்காடு அன்றைக்குச் செய்தது அதுதான். அதனால் மீட்டிங்குக்குப் போகும்போது சைலன்ட் வேண்டாம், மணி ஒலியை விட்டுவிட்டு ‘தொந்தரவு செய்யாதே’ போடுங்கள். அம்மாவின் நம்பரை விதிவிலக்குப் பட்டியலிலும் சேர்க்கலாம். ஐபோன் என்றால் அந்த ஒரு காண்டாக்டுக்கு மட்டும் எமர்ஜென்சி பைபாஸ் போடலாம், சைலன்ட்டில் இருந்தாலும் அடிக்கும்.

மல்லிகைப் பந்தல் அக்காவின் அப்பா மாதிரி இருப்பவர்களுக்குப் போனை மட்டும் நம்பக் கூடாது. பர்சில் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் மகள், மகன் நம்பர். இதைக் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெரியவருக்கும் நானே எழுதிக் கொடுக்கிறேன்.

பழைய ட்ரங்க்
ஞாயிறு, இரவு 9:58

அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால் அவசரம். அப்படியென்றால் அதுதான் இந்தக் காலத்து அர்ஜென்ட் கால். நாங்கள் இரண்டு மடங்கு காசு வாங்கினோம், இப்போது இரண்டு தடவை அடிக்கிறார்கள். தம்பி, இதை உங்கள் அம்மாவிடம் வாயால் சொல்லுங்கள். செட்டிங்ஸ் மட்டும் போதாது. ‘பிள்ளை வேலையா இருப்பான்’ என்று ஒரு தடவையோடு வைக்கிற தாய்க்கு, இரண்டாவது தடவை அடிக்க நீங்கள்தான் அனுமதி கொடுக்க வேண்டும்.

மஞ்சள் போர்டு
திங்கள், காலை 7:20

அதோடு இன்னொன்றையும் பாருங்கள். அம்மாவின் போன் உயிரோடு இருக்கிறதா? 2018 கடைசியிலிருந்து ரீசார்ஜ் முடிந்தால் கொஞ்ச நாளில் வருகிற அழைப்பும் நின்றுவிடுகிறது. பட்டன் போன் வைத்திருக்கிற கிழவிகள் தேவையே இல்லாத டேட்டாவுக்குச் சேர்த்துக் காசு கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில்தான் உத்தரவு போட்டது. கடையில் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகச் சொல்வது குறைவு. எங்கள் தெருவில் நான் ஒரு நோட்டில் எட்டு பேருடைய ரீசார்ஜ் தேதியை எழுதி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். பூத் போனாலும் இந்த வேலை என்னை விடவில்லை.

சுவரெழுத்து
திங்கள், காலை 8:05

நேற்றிரவு அம்மாவிடம் பேசினேன். வாய்ஸ் நோட் போடச் சொன்னதை விட்டுவிடுங்கள், அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க என்றேன். “அப்ப ஒரு தடவை அடிச்சா எடுக்க மாட்டியா?” என்று கேட்டார்கள். எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கரிசல்காடு
அடுத்த ஞாயிறு, காலை 6:40

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பா காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, இரண்டு தடவை அடிக்கிற விஷயத்தைச் சொன்னேன். ட்ரங்க் அம்மா சொன்னது போல முதலில் தயங்கினாள். “நீ பெரிய ஆளுககூடப் பேசிட்டிருக்கும்போது நான் விடாம அடிச்சா நல்லாருக்குமா?” என்றாள். சித்தி உள்ளேயிருந்து வந்து, “அடிங்கக்கா. அன்னைக்கு அடிச்சிருந்தா அவன் வந்திருப்பான்” என்றார். அதற்குப் பிறகு அம்மா மறுத்துப் பேசவில்லை.

ரீசார்ஜ் பார்த்தேன். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. போட்டுவிட்டேன். பர்சில் அட்டை வைத்தாயிற்று. சித்தி நம்பரையும் என் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அம்மாவுக்குத் தனி ரிங்டோன் வைக்கலாமா என்று கேட்டேன், சங்கரன்கோவில் கோயில் மணியை ரெக்கார்ட் பண்ணி வை என்றாள். சாயரட்சைக்குப் போய் ரெக்கார்ட் செய்தேன்.

கிளம்பும்போது அவளே கேட்டாள், “அந்த ஒரு ரிங்கு உண்டா இன்னும்?” என்று. கோவை நாட்களில் இருந்ததே, அது. உண்டும்மா என்றேன்.

இன்று காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் ஒரு ரிங் விட்டேன். அம்மா எடுக்கவில்லை.